கள்ளியை வெட்டினால் குடிதண்ணீர் கிடைக்குமா?

பாலைவன மலையேற்றத்தில் தண்ணீர் தீர்ந்தால் பீப்பாய் போன்ற உருண்டைக் கள்ளியை வெட்டிக் குடிக்கலாம் என்று ஒரு தகவல் பல காலமாகச் சுற்றிவருகிறது. இது தவறு. தயவுசெய்து நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

கள்ளிக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை. முள்ளைத் தாண்டி அறுத்தால், கற்றாழைச் சோறு மாதிரி ஈரமான, பிசுபிசுப்பான சதைதான் இருக்கும். பெரும்பாலான வகைகளின் சாற்றில் ஆக்சாலிக் அமிலமும் ஆல்கலாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்களும் உண்டு; இவை உடலுக்கு ஒவ்வாதவை. வெறும் வயிற்றில் குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். உடம்பில் மிச்சமிருக்கும் நீரும் போய்விடும். ஓரிரு வகைகளில் நச்சு குறைவுதான். ஆனால் தாகத்தில் தலைசுற்றி நிற்பவர் எதை வைத்து இனம் பிரிப்பார்?

சரி, என்னதான் செய்வது? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலேயே மிக உயரமான குவாடலூப் சிகரத்தையே (2,667 மீட்டர்) எடுத்துக்கொள்ளுங்கள். போய்வர சுமார் 13.5 கிலோமீட்டர், ஏறக்குறைய 900 மீட்டர் ஏற்றம், ஆறு முதல் எட்டு மணி நேரம். பாதையில் எங்குமே தண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் எடுத்துவரச் சொல்கிறது அந்தச் சிகரம் இருக்கும் தேசியப் பூங்கா. சுமைதான், ஆனாலும் குறைக்காதீர்கள். பாதித் தண்ணீர் தீர்ந்ததும், சிகரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.