ஆட்டோகிளேவ் அழுக்கை எடுக்காது

அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்வது பற்றி, "எப்படியும் 134 டிகிரி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் எந்திரம்) போகப்போகிறது, அதுவரை சலைனில் ஊறப் போட்டால் போதும், தேய்க்க வேண்டாம்" என்று மேலே ஒரு கருத்து. இரண்டுமே தவறு.

சலைனில், அதாவது உப்புக் கரைசலில், உள்ள குளோரைடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் காப்புப் படலத்தை அரித்துச் சின்னச் சின்னக் குழிகள் விழச் செய்யும். ப்ளீச்சிலும் அதே தொல்லைதான். ரத்தம் காயாமலிருக்க ஈரத்துணி போர்த்துங்கள், அல்லது அதற்கென்றே உள்ள என்சைம் (ரத்தப் புரதத்தைச் சிதைக்கும் பொருள்) ஸ்பிரே அடியுங்கள்.

நீராவி தொட்ட இடத்தில்தான் கிருமி சாகும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் (ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) கீல் இடுக்கில் காய்ந்த ரத்தம் இருந்தால், அதன் அடியில் இருப்பது தப்பிவிடலாம். முதல் அலசல் குளிர்ந்த நீரில். சுமார் 45 டிகிரியைத் தாண்டினால் புரதம் உறைந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு என்சைம் கரைசல். அளவும் நேரமும் லேபிளில் உள்ளபடியே, கண்திட்டம் உதவாது. கீலை முழுக்கத் திறந்து, நைலான் பிரஷால் தண்ணீருக்கு அடியில் வைத்தே தேய்க்க வேண்டும். மேலே தூக்கித் தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். கடைசி அலசல் தாது நீக்கிய நீரில்.

பழுப்பாகத் தெரிவதெல்லாம் துரு அல்ல. பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பாருங்கள்: கறை போய் வழவழப்பாக இருந்தால் வெறும் படிவு. அடியில் குழி தெரிந்தால் துரு, அந்தக் கருவியை செட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடச் சொன்னவருக்கு: நீரில் கரையும் லூப்ரிகன்ட் மட்டுமே. எண்ணெய்ப் படலத்தை நீராவி ஊடுருவாது. ராட்செட்டை (கைப்பிடியில் உள்ள பல் பூட்டு) பூட்டியபடி ஆட்டோகிளேவில் வைத்தாலும் சூட்டில் விரிந்து கீல் விண்டுபோகும்.