அமெரிக்கக் கல்விக் கடனும் திவால் மனுவும்
அமெரிக்காவில் திவாலானாலும் கல்விக் கடன் ஒருபோதும் தள்ளுபடி ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுக்கச் சரியில்லைங்க. மற்ற கடன்களைப் போலத் தானாகத் தள்ளுபடி ஆகாது, அவ்வளவுதான். திவால் வழக்குக்குள்ளேயே தனி வழக்குத் தொடுத்து, கடனைக் கட்டினால் அளவுமீறிய கஷ்டம் வரும் என்று நிரூபிக்க வேண்டும். லேசான வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022 நவம்பரில் அந்நாட்டு நீதி அமைச்சகம், மத்திய அரசுக் கடன்களுக்கு மட்டும் ஓர் உறுதிமொழிப் படிவம் கொண்டுவந்தது. அதில் வரவு செலவைக் காட்டி, தகுதியும் இருந்தால், அரசு வழக்கறிஞரே தள்ளுபடிக்கு ஒத்துக்கொள்ளலாம். தனியார் கடனுக்கு அந்தப் படிவம் உதவாது.

சரிபார்க்க, திவால் சட்டத்தின் 523ஆவது பிரிவில் (ஏ)(8) உட்பிரிவைப் பாருங்கள். விதிவிலக்கு அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. படிவம் நீதி அமைச்சக இணையதளத்தில் கிடைக்கும்.