உண்மை விளக்கம்: ‘கொள்முதல் முறையெல்லாம் சிறு தொழிலுக்கு வீண் வேலை’ என்பது தவறு

“எழுத்தில் விலைப்புள்ளி, எடைச் சரிபார்ப்பு எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கே, சிறியவர் தெரிந்த இடத்தில் மலிவாக வாங்கினால் போதும்” என்று பாம்பன், மண்டபம், தொண்டிப் பகுதி மீன் வணிகர்களிடையே வாட்ஸ்அப்பில் பரவும் கருத்து தவறானது.

பனிக்கட்டியையே பார்ப்போம். 50 கிலோ பாளம் ஓரிடத்தில் 120 ரூபாய், வேறிடத்தில் 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதலாவதே மலிவாகத் தோன்றும். ஆனால் அது தொலைவிலிருந்து வெயிலில் உருகி வந்து கொட்டகை வாசலில் 40 கிலோவாக இறங்க, மற்றது 47 கிலோ தேறுமானால், கிலோவுக்கு முதலாவது 3 ரூபாயும் மற்றது ஏறத்தாழ 2.77 ரூபாயும் ஆகிறது. இறக்கும்போதே எடை போட்டுக் குறித்து வைக்காதவருக்கு இந்த இழப்பு கண்ணில் படாது.

பில்லைச் சரிபார்க்காவிட்டாலும் இழப்புதான். வரிக்குரிய சரக்கை விற்கும் வணிகர், 1 லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு 18 விழுக்காடு வரி கொடுத்து வாங்கியும், அவருக்கு விற்றவர் அந்தப் பில்லைத் தம் ஜிஎஸ்டி கணக்கில் ஏற்றாவிட்டால், 18,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, வணிகருக்குக் கிடைக்காது.

அதற்காக, வழக்கமாகச் சரக்குத் தரும் பழகியவரைக் கைவிட வேண்டியதில்லை. அவசரத்தில் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர் அவர்தான். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலேயே அவரிடமும் இன்னும் இருவரிடமும் எழுத்தில் விலை கேட்டு வைக்கலாம்.