நன்றி கார்டு கிரெடிட் ஆகாது

சனிக்கிழமை கொடைக்கானலில் அந்த ஆவணப்படத்தைத் திரையிட்டபோது என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு நேரில் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. படத்தின் பெயரையோ எடுத்தவர்களின் பெயரையோ இழுக்கவும் போவதில்லை. அது, அந்தப் படத்தில் வருகிற குறிஞ்சிக் காட்சிகளை எடுத்த நம் ஊர்த் தம்பி கேட்டுக்கொண்டது.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். படத்தின் கடைசியில் வருகிற நன்றிப் பட்டியல் வேறு, இன்ன வேலையைச் செய்தவர் இவர் என்று டைட்டிலில் பெயர் போடுகிற கிரெடிட் வேறு. நன்றி கார்டு கிரெடிட் ஆகாது.

52 நிமிடப் படம். அதில் குறிஞ்சி வருவது 2 நிமிடம் 40 விநாடி. படம் முடிந்து டீ குடிக்க வெளியே வந்தவர்கள் பேசியதெல்லாம் அந்த 2 நிமிடம் 40 விநாடியைப் பற்றித்தான். பனி விலக விலக, சரிவு முழுக்க நீலம் ஏறி வருமே, அந்த ஷாட். 2018 ஆகஸ்டில் தம்பி தன் கேமராவில், தன் பெட்ரோலில் போய் எடுத்தது. டைட்டிலில் ஒளிப்பதிவு என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். அவன் பெயர் அல்ல. எல்லாம் ஓடி முடிந்து 'நன்றி' என்று போட்டு, தங்கிய விடுதி, ஜீப் கொடுத்தவர், அதற்கும் கீழே 'கொடைக்கானல் நண்பர்கள்'. அந்த நண்பர்களுக்குள் அவன் இருக்கிறானாம். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து கேட்டபோது மேடையிலிருந்து வந்த பதில்: "லோக்கல் பசங்க ரொம்ப ஹெல்ப் பண்ணாங்க."

ஹெல்ப். அந்த வார்த்தைதான் மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

அந்த ஷாட் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அது டைம்லாப்ஸ், அதாவது இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுத்து வேகமாக ஓட்டிக் காட்டுவது. விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் திரையில் 10 விநாடி ஓட வேண்டுமென்றால் 250 படம் வேண்டும். 8 விநாடிக்கு ஒரு படம் என்று வைத்தால் 33 நிமிடம் கேமரா அசையக் கூடாது. எக்ஸ்போஷர் (உள்ளே விடுகிற வெளிச்சத்தின் அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்ட வேண்டும். ஒன்றை ஆட்டோவில் விட்டாலும் ஓட்டிப் பார்க்கும்போது படம் மினுக்கும். ஆனால் விடியலில் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். பூட்டி வைத்த எக்ஸ்போஷரில் பத்தாவது நிமிடம் சரியாக இருப்பது முப்பதாவது நிமிடம் வெளுத்துப் போகும். எங்கே பூட்டுவது என்பது அந்தச் சரிவையும் அந்த மாதத்து வெயிலையும் பல நாள் பார்த்தவனுக்குத்தான் பிடிபடும். அடுத்தது பனி. நம் மேல்மலைப் பனி லென்ஸ் முகப்பில் ஈரமாகப் படியும். நடுவில் துடைத்தால் கேமரா அசைந்துவிடும், ஷாட் போச்சு. பாக்கெட்டில் வைக்கிற சூட்டுப் பொட்டலத்தை லென்ஸைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டினால்தான் ஈரம் ஏறாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் மாற்றுப் பேட்டரி சட்டைக்குள் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். முக்காலிக்கு நடுவில் கல் கட்டிய பை தொங்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஆட்டிவிடும். இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் பனி விலகாமல் போகிற நாள்தான் அதிகம். வெறும் கையோடு இறங்கி, மறுநாள் இருட்டில் திரும்ப ஏற வேண்டும்.

இதற்குப் பெயர் ஹெல்ப் என்றால் ஒளிப்பதிவு என்பது எது?

குறிஞ்சி நம் மலையில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அடுத்தது 2030. அந்த ஷாட் இல்லாவிட்டால் படம் எடுத்தவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும், அல்லது யாரிடமாவது விலைக்கு வாங்க வேண்டும். ஆவணக் காட்சிகள் விற்கிற உலகத்தில் விநாடிக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. எத்தனை ஆண்டு ஓட்டலாம், எந்தெந்த நாட்டில், தியேட்டரிலா டிவியிலா இணையத்திலா என்று தனித்தனி விலை உண்டு. வந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. நகரத்து நிறுவனத்திடம் கேட்டால் விலை, மலைக்காரனிடம் கேட்டால் நட்பு என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவன்தானே அந்தக் காட்சிகள் இருந்த டிஸ்க்கைக் கொடுத்தான், யார் பிடுங்கினார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கொடுத்தான், இல்லை என்று யார் சொன்னது? பார்க்கத்தான் கொடுத்தான். டிஸ்க் கை மாறியதால் உரிமை கை மாறாது. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 1957, பிரிவு 19: உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லையென்றால் 5 ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். இதில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவனே விரும்பி, யாரிடமும் காசு வாங்காமல் எடுத்தது. அதன் சொந்தக்காரன் அவன்தான்.

இன்னொரு பிரிவையும் மலையில் கேமரா பிடிக்கிற பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதே சட்டத்தில் பிரிவு 17. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொல்லி நீங்கள் எடுத்தால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, எடுத்ததன் உரிமை காசு கொடுத்தவருக்குத்தான். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்ததை, பிறகு உங்கள் சொந்தப் படத்தில் 10 விநாடி போடக்கூட அவரைக் கேட்க வேண்டும். ஆகவே இலவசமாகச் செய்தாலும் எழுதுங்கள், காசுக்குச் செய்தாலும் எழுதுங்கள்.

பெரிய வக்கீல் வேண்டாம். ஒரு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை நாள். ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், அது விடியற்காலை 4 மணிக்கு ஜீப் ஏறுவதிலிருந்து தொடங்குகிறதா, கேமராவை ஆன் செய்வதிலிருந்தா. சம்பளம் தனி, பேட்டா தனி, உங்கள் கேமராவுக்கும் லென்ஸுக்கும் வாடகை தனி. பனியாலோ மழையாலோ ஷூட் நடக்காத நாளுக்கு என்ன. இந்தக் கடைசியை எழுதாமல் விட்டுத்தான் நம் பிள்ளைகள் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்து, இரண்டு நாள் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். பாதிப் பணம் முன்னால். ஃபுட்டேஜ், அதாவது எடுத்த காட்சிகள், யாருக்குச் சொந்தம். டைட்டிலில் எந்தப் பெயர், எந்த எழுத்துக்கூட்டலில், எந்தத் தலைப்பின் கீழ். 'உரிய முறையில் கிரெடிட் தரப்படும்' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திரையில் வரப்போகிற வரியையே எழுதி வாங்குங்கள்.

பழைய ஃபுட்டேஜைக் காட்டக் கேட்டால், பெயர் குறுக்கே ஓட, டைம்கோடு (ஓடுகிற நேரக் கணக்கு) படத்தின் மேலேயே பதிந்த சின்ன ஃபைலை மட்டும் அனுப்புங்கள். ஒரிஜினல், கையெழுத்தும் பணமும் வந்த பிறகு. கேமரா கார்டில் இருந்த ஃபோல்டரைப் பெயர் மாற்றாமல், எதையும் அழிக்காமல் அப்படியே இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். நாளைக்கு யார் எடுத்தது என்ற கேள்வி வந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். தம்பியிடம் அது இருக்கிறது. 2018இன் 4,000க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள், தேதியோடு, நேரத்தோடு.

"பட்ஜெட்டே இல்லாமல் எடுத்த படம் அது, உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். டாக்குமென்டரியில் காசு இல்லை என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவணப்படம் எடுக்கிற அரசு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948இலிருந்து இருந்தது, 2022இல் அதை என்எஃப்டிசி என்கிற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஃபண்டுக்கு விண்ணப்பிப்பதும், கொல்கத்தாவில் நடக்கிற டாக்எட்ஜ் மாதிரி ஆவணப்படக் கூடல்களில் பிட்ச் செய்வதும், அதாவது படத்தின் யோசனையைச் சொல்லி ஆதரவு கேட்பதும், திருவனந்தபுரம் விழாவுக்கும் மும்பை விழாவுக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும்தான். எல்லாம் சரி. டைட்டிலில் ஒரு பெயர் சேர்க்க எத்தனை ரூபாய் செலவாகும்? காசு இல்லாதவன் பெயரையாவது கொடுப்பான்.

ஃபண்டுக்கு விண்ணப்பிக்கும்போது என்ன கேட்கிறார்கள்? இதற்கு முன் என்ன செய்தீர்கள், எந்தப் படத்தில் என்ன பொறுப்பு, லிங்க் எங்கே. நம் தொழிலில் சான்றிதழ் என்று தனியாக ஒன்று கிடையாது, கிரெடிட்தான் சான்றிதழ். 'கொடைக்கானல் நண்பர்கள்' என்பதை வைத்து அவன் எந்தப் படிவத்தை நிரப்புவான்? அடுத்த வாய்ப்பு டைட்டிலில் பெயர் வந்தவருக்குப் போகும். அவர் அடுத்த முறை மலைக்கு வரும்போது இவன் மறுபடி லோக்கல் ஹெல்ப்பாக நிற்பான். பத்து வருடம் இப்படி நின்றவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இப்போது ஹோம்ஸ்டே பார்த்துக்கொள்கிறார்கள்.

முதுமலைத் தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு 2023இல் ஆஸ்கர் வந்தபோது இங்கேயும் எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது! இயக்கியவர் ஊட்டியில் வளர்ந்தவர் என்றதும் நாமும் செய்யலாம் என்று தோன்றியது. அந்த நம்பிக்கை வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை பார்த்த படத்துக்கே திரும்புகிறேன், அதில் பூம்பாறைப் பாட்டி பேசுகிற இடத்துக்கு. மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாக மேலே தொங்கவிட்டுக் கீழே புகை போட்டிருக்கும் அறை. பாட்டி தாழ்ந்த குரலில், புருஷன் இறந்துபோன வருடத்து விளைச்சலைப் பற்றிப் பேசுகிறார். ஒரு சொல் விடாமல் கேட்கிறது. அது எப்படிக் கேட்கிறது? அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். படம் எடுக்க வந்திருந்தவர்கள், துணியில் குத்துகிற சின்ன லேப்பல் மைக்கைச் சேலைத் தலைப்பில் குத்தினார்கள். நைலக்ஸ் சேலை, மூச்சு விட்டாலே சரசரவென்று உரசுகிறது. தம்பிதான் அதைக் கழற்றி, பாட்டி போர்த்தியிருந்த பருத்தித் துண்டின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினான். ஒயரில் ஒரு சின்ன வளையம் விட்டு இன்னொரு டேப், இழுத்தாலும் மைக்குக்கு அதிர்வு போகாமல் இருக்க. வளையலைக் கழற்றுங்கள் என்று வந்தவர்கள் சொன்னபோது பாட்டி முகம் மாறியது. இவன் ஒரு கைக்குட்டையை எடுத்து, "பாட்டி, இத கையில சுத்திக்கோங்க, குளுருக்கு ஆவும்" என்றான். எல்லாம் முடிந்ததும், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் தனியாகப் பிடித்தான். விறகு வெடிக்கிற சத்தம், தகரக் கூரையில் காற்று. அந்த ஒரு நிமிடம் இல்லாமல் எடிட்டில் பாட்டியின் பேச்சை எங்கேயும் வெட்டி ஒட்டியிருக்க முடியாது. ஒவ்வொரு வெட்டிலும் பின்னணிச் சத்தம் அறுந்து தெரியும்.

அதன் பிறகு அந்தப் பேச்சை எழுத்தில் எடுத்து, டைம்கோடு போட்டு, மேல்மலை வழக்கை நகரத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்ததும் அவன்தான். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு முழு நாள் வேலை அது. சப்டைட்டில் என்று டைட்டிலில் ஒரு நிறுவனத்தின் பெயர் வருகிறது.

பொறாமையில் எழுதுகிறேன் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு அக்கா வேறு கேள்வி கேட்டிருந்தார், அது உறுத்துகிறது. "நீங்கள் எல்லாரும் கிரெடிட், உரிமை என்று சண்டை போடுகிறீர்கள். அந்தப் பாட்டிக்கு என்ன கிடைத்தது?" என்று. நியாயமான கேள்வி. பேசியதற்குக் காசு கொடுத்தால், காசுக்காகப் பேசியதாகிவிடும் என்று ஒரு வாதம் இத்தொழிலில் எப்போதும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பூண்டு உரிக்கிற நாளில் ஒருவரை மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் அவருடைய நாள்கூலி போகிறது, அதைக் கொடுத்தே ஆக வேண்டும். அது பேச்சுக்கு விலை ஆகாது. ரிலீஸ் ஃபார்மை, அதாவது படத்தில் காட்டச் சம்மதம் என்கிற காகிதத்தை, தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, எங்கெங்கே ஓடும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். இங்கே நடப்பது என்ன? ஆங்கிலக் காகிதம், ஒரு கைரேகை, அவ்வளவுதான். முடித்த படத்தை வெளியே காட்டும் முன் அவர்கள் வீட்டில் காட்ட வேண்டும். சனிக்கிழமை திரையிடலுக்குப் பாட்டியை அழைத்துவர யாருக்கும் தோன்றவில்லை. பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு பஸ் தூரம்.

தம்பி அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அம்மாவையும் தங்கையையும் கூட்டி வந்திருந்தான். டைட்டில் ஓட ஆரம்பித்ததும் தங்கை பெயரைப் படம் பிடிக்க ஃபோனைத் தூக்கி வைத்திருந்தாள். கடைசி வரி போய்த் திரை கறுப்பாகும் வரை தூக்கியே வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எழுதாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

படம் இன்னும் இணையத்தில் வரவில்லை, விழாக்களுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் டைட்டிலைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. புராஜெக்ட் ஃபைலைத் திறந்து, டைட்டில் கார்டில் ஒரு வரி சேர்த்து, திரும்ப எக்ஸ்போர்ட் போட்டால் 52 நிமிடப் படத்துக்கு ஒரு மாலை நேரம் ஆகும். விழாக்களுக்குப் புது ஃபைல் அனுப்ப இன்னொரு நாள். எடிட்டருக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்றால் நான் உட்கார்ந்து செய்து தருகிறேன், காசு வேண்டாம். சேர்க்க வேண்டிய வரி இது: 'குறிஞ்சிக் காட்சிகள், 2018: ஒளிப்பதிவு', அடுத்து அவன் பெயர். எழுத்துக்கூட்டலை அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நம்பர் உங்களிடம் இருக்கிறது.