கிரீன் டீ கசாயம் இல்லைங்க

நம்ம ஊரில் ஒருவர் கிரீன் டீ குடிக்கிறார் என்று தெரிந்தால் உடனே வரும் கேள்வி, "எத்தனை கிலோ குறைஞ்சுது?" ருசி எப்படி இருக்கு என்று யாரும் கேட்பதில்லை. ருசி பார்க்கும் பொருளாக அது நம்மிடம் வந்து சேரவே இல்லை. டப்பா மேலே ஒல்லி இடுப்பும் அளவு நாடாவும், உள்ளே நூல் கட்டிய பை. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறோம்.

ஒரு நல்ல பானத்தை இப்படி மருந்தாக்கி வைத்திருப்பது பெரிய அநியாயம். லோங்ஜிங் என்ற சீன கிரீன் டீயைக் குடித்த பிறகு இதை அடித்துச் சொல்வேன்.

போன ஏப்ரலில் வேலை விஷயமாகச் சீனாவின் ஹாங்சோ நகருக்குப் போயிருந்தேன். அங்கே மேற்கு ஏரியைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைவதுதான் அசல் லோங்ஜிங். கூட வேலை பார்க்கும் சீன நண்பர் பக்கத்திலுள்ள மெய்ஜியாவு கிராமத்துக்கு அழைத்துப் போனார். வீட்டுக்கு வீடு தேயிலை வறுக்கிறார்கள். வாசலிலேயே மேசை போட்டு டீயும் தருகிறார்கள்.

பெரிய இரும்புச் சட்டி. அடியில் இப்போது மின்சார அடுப்பு. கரண்டி கிடையாது, வெறும் கைதான். வறுப்பவர் ஒரு பிடி இலையைச் சட்டியின் சுவரோடு சேர்த்து அழுத்துகிறார், மேலே இழுக்கிறார், உள்ளங்கையில் ஏந்தி உதறிவிடுகிறார், திரும்ப அழுத்துகிறார். கண் சட்டியில் இல்லை, எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார். இலை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை விரல் சொல்லிவிடுகிறது. லோங்ஜிங் இலை தட்டையாக இருப்பது இந்த அழுத்தத்தால்தான். ஒரு கிலோ தேயிலைக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

நாம் பால் ஊற்றிக் குடிக்கும் டீயும் இதே செடிதான். பறித்த இலையைக் கசக்கி, காற்றுப்பட்டுச் சிவக்க விட்டால் நம்ம டீ. சிவக்கும் முன்பே சூடு காட்டி நிறுத்தினால் கிரீன் டீ. ஜப்பானில் பெரும்பாலும் ஆவியில் காட்டுகிறார்கள், சீனாவில் பெரும்பாலும் சட்டியில் வறுக்கிறார்கள். சீனாவின் இந்தப் பாரம்பரியத் தேயிலைத் தொழில்நுட்பங்களை 2022-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சீனாவை ஆண்ட சியன்லுங் பேரரசர் 18 செடிகளை அரண்மனைக்கென்று ஒதுக்கிய கதையை ஹாங்சோவில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த அரசரைவிட வறுக்கிற கைதான் பெரிதாகப் பட்டது.

டீ வந்தது சாதாரணக் கண்ணாடி டம்ளரில். வடிகட்டி இல்லை. இலை மேலே மிதந்து, தண்ணீர் குடித்து, ஒவ்வொன்றாக இறங்குகிறது. கொழுந்தும் பக்கத்து இலையும் பறித்தபடியே விரிகின்றன. நிறம் வெளிறிய மஞ்சள் பச்சை. மூக்கருகே கொண்டுபோனால் பாசிப்பருப்பை வறுக்கும்போது எழும் அதே வாசம். கசப்பு துளியும் இல்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு தித்திப்பு தங்குகிறது. சர்க்கரை வேண்டுமென்று தோன்றவே இல்லை. டம்ளரைக் காலி செய்ய விடமாட்டேன் என்கிறார்கள்: மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே மறுபடி வெந்நீர் ஊற்ற வேண்டும், அப்போதுதான் அடுத்த சுற்றும் சப்பென்று ஆகாது.

கசக்காததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் 80 டிகிரி அளவில்தான் இருக்கிறது. கசப்பையும் துவர்ப்பையும் தரும் கேட்டசின்கள் கொதிநீரில் மளமளவென்று இறங்கும். இனிமை தரும் அமினோ அமிலங்களுக்கு அத்தனை சூடு தேவையில்லை. பருவமும் முக்கியம். ஏப்ரல் தொடக்கத்தில் வரும், சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் ஏக கிராக்கி. குளிர்காலம் முழுக்க ஓய்ந்திருந்த செடியின் முதல் துளிரில் அமினோ அமிலம் அதிகம், கேட்டசின் குறைவு. வெயில் ஏற ஏற இது தலைகீழாகும். நம் பையில் இருப்பதோ பெரும்பாலும் நொறுங்கிய தூள். அதில் கொதிநீரை ஊற்றினால் கசக்காமல் என்ன செய்யும்?

எடை விஷயத்துக்கு வருகிறேன். கிரீன் டீயும் எடைக் குறைப்பும் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை, குறையும் எடை மிகச் சொற்பம், மருத்துவ ரீதியில் பொருட்படுத்தத் தக்கதல்ல என்றே சொன்னது. அந்தச் சொற்பத்துக்காக வெறும் வயிற்றில் இதைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவே வேண்டாம், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேநீர் தடுக்கும். இதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

எல்லோரும் லோங்ஜிங் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. விலை அதிகம், போலியும் ஏராளம். 'மேற்கு ஏரி லோங்ஜிங்' என்ற பெயருக்கு உரிமையுள்ள பகுதி வெறும் 168 சதுர கிலோமீட்டர்தான். நம் குன்னூரிலும் கோத்தகிரியிலும் முழு இலை கிரீன் டீ செய்கிறார்கள், அதையே வாங்கலாம். இலை நொறுங்காமல் இருக்கிறதா, பறித்த மாதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சின்ன பொட்டலமாக வாங்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். தேன் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம். குடித்துவிட்டு ருசி எப்படி இருந்தது என்று மட்டும் கீழே எழுதுங்கள்.