ஆடும் கையும் ஓடும் பிள்ளையும்

கடந்த சில வாரங்களில் பினாங்கு நண்பர்கள் மூவர், ஒருவருக்கொருவர் தெரியாமலேயே, என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பறவைகளையும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளையும் படம் எடுக்க, தூரத்தை அருகே இழுத்துக் காட்டும் பெரிய டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கப் போகிறார்களாம். அதில் அதிர்வுக் கட்டுப்பாடு, அதாவது கை நடுக்கம் படத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி, எத்தனை ஸ்டாப் இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமாம். ஒரு ஸ்டாப் என்றால், வெளிச்சமோ ஷட்டர் திறந்திருக்கும் நேரமோ இரட்டிப்பாவது. 4.5 போட்டிருப்பதைவிட 5.5 போட்டிருப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒருமுறை நானே சறுக்கி விழுந்தவன் என்பதால், மூவருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். அந்த எண் உங்கள் கையைப் பற்றியது. பறவை எவ்வளவு வேகமாகப் பறக்கும், பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நான் வைத்திருப்பது நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸ். 2015இல் வெளிவந்தது, ஜூமை எங்கே வைத்தாலும் வெளிச்சம் நுழையும் துளை எஃப் 5.6, முக்காலிப் பட்டையுடன் 2.3 கிலோ, அதிர்வுக் கட்டுப்பாடு 4.5 ஸ்டாப். பழைய சரக்காகத்தான் வாங்கினேன். விற்றவர், முழு ஜூமான 500 மி.மீட்டரிலும் 1/60 விநாடி ஷட்டரில் கையில் பிடித்தே எடுக்கலாம் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதை நான் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தினேன் என்பதில்தான் கோளாறு.

வாங்கிய அடுத்த வாரம் அக்காள் மகனின் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. விடியற்காலையில் பெய்த மழையால் திடல் நனைந்து கிடந்தது. வானமும் கறுத்தே இருந்தது. கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் புள்ளி விழும் என்ற பயத்தில் அதை 100இலேயே வைத்து, 1/60 விநாடியில், அதிர்வுக் கட்டுப்பாட்டை நம்பி 100 மீட்டர் ஓட்டத்தை எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால், தடத்தின் சுண்ணாம்புக் கோடு ஊசி முனைபோல் இருக்கிறது, கோட்டுக்கு அப்பால் விசிலோடு நின்ற ஆசிரியரின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம், ஆனால் ஓடிய பிள்ளைகள் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறப் புகையாக இருக்கிறார்கள். "மாமா, நான் எங்கே?" என்று கேட்டான் மருமகன். மஞ்சள் புகையைக் காட்டினேன்.

வாய்ப்பாடு தெரிந்த யாரும் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். 100 மீட்டரை 16 விநாடியில் ஓடும் பிள்ளை, 1/60 விநாடிக்குள் பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஒரு முகம் முழுதாகக் கரைந்துபோக அது போதும். 1/1000 விநாடியில் அதே பிள்ளை நகர்வது ஆறு மில்லிமீட்டர்தான். 1/60இலிருந்து 1/1000க்குப் போக ஏறக்குறைய நான்கு ஸ்டாப் வெளிச்சம் தேவை. அந்த நான்கு ஸ்டாப்பும் ஐ.எஸ்.ஓ.விலிருந்தோ அகன்ற துளையிலிருந்தோ சூரியனிடமிருந்தோ வர வேண்டும். அதிர்வுக் கட்டுப்பாடு வெளிச்சத்தில் ஒரு துளியைக்கூடக் கூட்டித் தருவதில்லை.

அது செய்வது வேறு வேலை. லென்ஸுக்குள் இருக்கும் கைரோ எனும் அசைவு உணரிகள் நம் கை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆடுவதை அளக்கின்றன. உள்ளே மிதக்கும் ஒரு கண்ணாடித் தொகுதி அதற்கு எதிர்த்திசையில் நகர்ந்து படத்தை நிறுத்துகிறது. கையில் பிடித்து எடுக்கும்போது 500 மி.மீட்டரில் ஷட்டர் 1/500 விநாடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது என்ற பழைய விதியை, 4.5 ஸ்டாப் என்பது கணக்களவில் 1/20 வரை தளர்த்துகிறது. ஆனால் அந்த எண்ணை அளக்கும் முறையைக் கவனியுங்கள். ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பா வகுத்த முறைப்படி, கை நடுக்கத்தைப் போல ஆட்டிக் கொடுக்கும் இயந்திரத்தின்மேல் கேமராவை வைத்து, எதிரே அசையாமல் இருக்கும் ஒரு சோதனைப் பட அட்டையைப் படம் எடுக்கிறார்கள். அட்டைக்குச் சிறகும் கிடையாது, காலும் கிடையாது.

அப்படியானால் அந்த வசதியே தண்டமா என்றால், இல்லை. 1995இல் கேனன் தன் 75-300 லென்ஸில் முதன்முதலாக இதை வைத்தபோது கிடைத்தது இரண்டு ஸ்டாப்தான். அதற்கே அன்று மதிப்பு இருந்தது. செபராங் பிறையில் ஆயர் ஹித்தாம் டாலாம் காட்டுக்குள் ஒரு விடியற்காலை, கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு நின்றபோது, கிளையில் ஒரு மீன் ஆந்தை பிடித்து வைத்த பிள்ளையார்போல் உட்கார்ந்திருந்தது. 1/40 விநாடியில் பத்துப் படம் எடுத்தேன். மூன்றில் அதன் மஞ்சள் கண்ணைச் சுற்றியிருந்த மெல்லிய இறகுகள்கூடப் பிரிந்து தெரிந்தன. மற்ற ஏழில் சிலவற்றை என் கை கெடுத்தது, சிலவற்றை ஆந்தை தலையைத் திருப்பிக் கெடுத்தது. அதிர்வுக் கட்டுப்பாடு இல்லையென்றால் அந்த மூன்றும் கிடைத்திருக்காது என்பதை நான் சத்தியம் செய்தே சொல்வேன்.

இன்னொரு பயன் உண்டு. அதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. 500 மி.மீட்டரில் கண்ணை வைத்தால், நம் இதயத் துடிப்பே காட்சியைக் குலுக்குவதுபோல் இருக்கும். பத்து மாவுங் கடற்கரையில் வட்டமிடும் செம்பருந்தை அந்தக் குலுக்கலுக்குள் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் காட்சி ஒரு நொடியில் அடங்கி நிற்கும்போது, ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் தலையில் வைக்க முடிகிறது. படத்தை உறையவைப்பது 1/2000 விநாடி ஷட்டர். பறவையைக் கண்டுபிடித்துத் தருவது அதிர்வுக் கட்டுப்பாடு. இதற்கு 4.5 ஸ்டாப்பும் போதும், 5.5 ஸ்டாப்பும் போதும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

டிராகன் படகுப் போட்டியை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படகோடு லென்ஸையும் சுழற்றி 1/60 விநாடியில் எடுத்தால், படகோட்டிகளின் முகம் நின்று, துடுப்பும் தண்ணீரும் இழுபட்டு, வேகம் கண்ணுக்குத் தெரியும். இங்கே அதிர்வுக் கட்டுப்பாடு உதவும். ஆனால் பக்கவாட்டில் சுழற்றுவதை நடுக்கமென்று எண்ணித் தடுக்காத முறையில் அதை வைத்திருக்க வேண்டும். கேனன் லென்ஸ்களில் 'மோட் 2' என்ற நிலை இதற்கானது. என் லென்ஸ் சாதாரண முறையில் தானே புரிந்துகொள்கிறது.

நண்பர்களுக்கு என் பதில் இதுதான்: கடைசி ஒரு ஸ்டாப்புக்காக ஆயிரக்கணக்கான வெள்ளி கூடுதலாகக் கொடுக்காதீர்கள். லென்ஸைக் கடையிலேயே கையில் தூக்கி, பத்து நிமிடம் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். எடை தாங்காமல் தோள் இறங்கினால், எந்தத் தொழில்நுட்பமும் அதைத் தூக்கி நிறுத்தாது. ஃபோகஸ் எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது என்று பாருங்கள். பழைய லென்ஸைக் கழற்றி அசைக்கும்போது உள்ளே ஏதோ ஆடும் ஒலி கேட்டால் உடனே பதற வேண்டாம். பல லென்ஸ்களில் அந்த மிதக்கும் தொகுதி அப்படித்தான் ஒலிக்கும். பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் விளக்கடித்துப் பாருங்கள், நம் ஊர் ஈரப்பதத்துக்கு அதுதான் பெரிய எதிரி. நண்பகலில் திடலின் மறுகோடியிலிருந்து எடுக்காதீர்கள். தரையிலிருந்து எழும் வெப்பத்தில் காற்றே நெளியும்போது எத்தனை ஸ்டாப் இருந்தும் பயனில்லை.

இந்த ஆண்டுப் போட்டியில் ஐ.எஸ்.ஓ.வைத் துணிந்து 1600க்கு ஏற்றி, 1/1000 விநாடியில் எடுத்தேன். நிழல்களில் கொஞ்சம் புள்ளி விழுந்திருக்கிறது. ஆனால் மருமகனின் முகம், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதுவரை, தெளிவாக இருக்கிறது. அவனுக்கு முன்னால் இரண்டு பேர் ஓடுவதும் அதே அளவு தெளிவாக இருப்பதால், அந்தப் படத்தை அழித்துவிடச் சொல்லி அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.