சபாநாயகர் ஆளுங்கட்சியின் கொறடா அல்ல

“ஆளுங்கட்சி உட்காரவைத்தவர்தானே, அக்கட்சி சொல்வதைக் கேட்பதே சபாநாயகரின் கடமை” என்று சிலர் சொல்வது தவறு. அவரைத் தேர்ந்தெடுப்பது அவை. 1642-ல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மன்னர் முதலாம் சார்லஸே அவைக்குள் நுழைந்தபோது, சபாநாயகர் வில்லியம் லெந்தால் மண்டியிட்டபடியே, அவை பணிக்காமல் தமக்குக் காணக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்று மறுத்தார். எவ்வளவு துணிவு! பிரிட்டனில் இன்றும் சபாநாயகர் கட்சியிலிருந்து விலகிவிடுகிறார். இந்தியாவில் அது கட்டாயமில்லை. ஆனாலும் 1967-ல் மக்களவை சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி தாமே கட்சியிலிருந்து விலகினார். அப்படி விலகுபவரின் உறுப்பினர் பதவி பறிபோகாதபடி, கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையே பாதுகாப்பு தருகிறது. பலர் ஒருபக்கம் சாய்வது உண்மைதான், வேதனையும்தான். அதற்காகச் சாய்வதையே விதியாக்கிவிடக் கூடாது. அமளி செய்பவரை வெளியேற்றும் அதிகாரமும் இரு தரப்புக்கும் ஒரே அளவுகோலில் பயன்படுத்தவே தரப்பட்டது.